கடற்கரை மணலில் சில்லுத் துள்ளல்: காரணத்தைப் படிப்படியாகக் கண்டறியும் முழுமையான வழிகாட்டி

திருகோணமலையிலிருந்து நிலாவெளி, குச்சவெளி வழியாகப் புல்மோட்டை வரை நீளும் கரையோரத்தில், படகு இழுக்கவும் மீன் பெட்டியும் ஐஸும் ஏற்றவும் மணலில் இறங்கும் கெப் வாகனங்களும் ஜீப்புகளும் அனேகம். அவற்றில் ஒன்று மேட்டில் ஏறும்போது பின்பக்கம் தடதடவென்று அடித்து, சில்லு மணலை விட்டு எழும்பி எழும்பி விழுந்தால், புதிய சாரதி வழக்கமாகச் செய்வது இரண்டு காரியங்கள். அந்த நேரத்தில் அக்சிலேட்டரை இன்னும் அழுத்தி மிதிப்பார். மறுநாள் கராஜுக்குப் போய், அதிர்வைத் தணிக்கும் சொக் அப்சோபரை மாற்றுவார். முதலாவது அச்சுத்தண்டை முறிக்கக்கூடியது. இரண்டாவது பெரும்பாலும் காசைக் கரைப்பதோடு நின்றுவிடும்.

துள்ளலின் பொறிமுறை எல்லா இடத்திலும் ஒன்றுதான்: ரயர் தரையைப் பிடிக்கிறது, அந்த இழுவையில் அச்சும் ஸ்பிறிங்கும் முறுகுகின்றன, பிடி விட்டவுடன் முறுகியது திரும்பி அடிக்கிறது, சில்லு எழும்பி விழுந்து மீண்டும் பிடிக்கிறது. இதைப் பற்றிக் கிடைக்கும் ஆலோசனைகளில் சில பனியில் ஓட்டுபவர்களுடையவை. வாகனத்தின் அடிப்பகுதியைப் பற்றி அவர்கள் சொல்வதை நாம் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். தரையைப் பற்றிச் சொல்வதை எடுத்துக்கொள்ள முடியாது. பனிக்கு அடியில் பெரும்பாலும் இறுகிய தரை உண்டு. ஒடுங்கிய ரயரும் சங்கிலியும் பனியை அறுத்துக்கொண்டு அதை எட்டிவிடும். மணலுக்கு அடியில் இருப்பதும் மணல்தான். அறுத்து இறங்கும் ரயர் அங்கே புதைந்துதான் போகும்.

கீழே உள்ள படிகளின் வரிசை, செலவில்லாததிலும் உடனே பழைய நிலைக்குத் திருப்பக் கூடியதிலும் தொடங்கி, கழற்றிப் பூட்ட வேண்டியதில் முடிகிறது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். காற்றையும் குறைத்து, பாரத்தையும் ஏற்றி, கியரையும் மாற்றிய பின் துள்ளல் நின்றால், எது நிறுத்தியது என்று உங்களால் சொல்ல முடியாது. அடுத்த வாரம் அது திரும்பி வரும்போது மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

1. நீங்கள் உணர்வது துள்ளல்தானா?

துள்ளல் போலவே தோன்றும் வேறு மூன்று அதிர்வுகள் உள்ளன. அவற்றை முதலில் ஒதுக்காவிட்டால் மிச்சப் படிகள் அனைத்தும் வீண்.

முதலாவது, உடற்பகுதி ஊசலாடுவது. வாகனத்தின் உடல் ஸ்பிறிங்கின் மேல் வினாடிக்கு 1 முதல் 2 தடவை ஏறி இறங்கும். அதை வாய்விட்டு எண்ணலாம். சில்லும் அச்சும் சேர்ந்த தொகுதி அதிர்வதோ வினாடிக்கு ஏறத்தாழ 10 தடவை, வாகனத்தைப் பொறுத்துச் சற்றுக் கூடவோ குறையவோ இருக்கும். எண்ண முடியாத வேகத்தில் அடித்தால் அது சில்லுத் துள்ளல். நிதானமாக எண்ண முடிந்தால் மேடு பள்ளத்தில் உடல் ஆடுகிறது.

இரண்டாவது, தார் வீதியில் ஃபோர் வீலை (நான்கு சில்லுக்கும் இழுவை கொடுக்கும் அமைப்பை) போட்டபடி திரும்பும்போது வரும் இழுபறி. தேவையானபோது மட்டும் ஃபோர் வீல் போடும் வகை வாகனங்களில் முன் அச்சும் பின் அச்சும் ஒரே வேகத்தில் பூட்டப்படுகின்றன. வளைவில் முன் சில்லுகள் கூடுதல் தூரம் உருள வேண்டியிருப்பதால் இடையிலுள்ள தண்டுகள் முறுகி, சில்லு உதறி உதறி விடுபடும். புல்மோட்டை வீதியிலிருந்து கடற்கரை ஒழுங்கைக்குத் திரும்பும் முன்பே லீவரைப் போட்டுவிட்டு, அந்த உதறலைத் துள்ளல் என்று சொல்பவர்களை அடிக்கடி பார்க்கிறேன். மணலில் இறங்கிய பிறகு போடுங்கள்.

மூன்றாவது, புதிய வாகனங்களில் வழுக்கலைக் கட்டுப்படுத்தும் மின்னணு அமைப்பு. சுழலும் சில்லை அது விட்டு விட்டுப் பிறேக் பிடிப்பதால் காலடியில் கடகடவென்ற அதிர்வு வரும். பொனற்றுக்குள்ளிருந்து பம்பின் சத்தமும் கேட்கும். அதற்குரிய பொத்தானை அணைத்துவிட்டு மறுபடி ஓட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

2. கொண்டு போக வேண்டியவை

ரயர் காற்று அளக்கும் நல்ல மானி, திரும்பக் காற்று நிரப்ப 12 வோல்ற் பம்ப், அளவு நாடா, வெள்ளைச் சோக்குக் கட்டி, குறிப்புக் கொப்பி, மண்வெட்டி, இரண்டு பலகைத் துண்டுகள், வண்டியிழுக்கும் பட்டி, குடிநீர். பம்ப் இல்லாமல் காற்றைக் குறைக்கத் தொடங்காதீர்கள். குறைந்த காற்றோடு தார் வீதியில் நகரம் வரை வருவது ரயரின் பக்கச் சுவரை உள்ளே அவித்துவிடும்.

கூடவே ஒரு ஆள் அவசியம். சாரதி ஆசனத்தில் இருப்பவருக்கு அதிர்வு தெரியுமே ஒழிய, எந்தச் சில்லு, எந்தப் பக்கம், எந்தத் திசையில் என்பது தெரியாது. அவர் பக்கவாட்டில் ஏறத்தாழ 10 மீற்றர் தள்ளி நின்று, கைத்தொலைபேசியில் மெதுவாக ஓடும் காணொளியாகப் படம் பிடிக்க வேண்டும். வாகனத்தின் பின்னால் நிற்கக் கூடாது. சில்லு எறியும் மணலோடு கல்லும் கிளிஞ்சலும் வரும்.

3. இடமும் நேரமும்

இங்கே கடலேற்றத்துக்கும் இறக்கத்துக்கும் உள்ள உயர வித்தியாசம் ஒரு மீற்றருக்கும் குறைவு. ஆகவே அலை நனைத்து இறுகிய ஈரமணல் ஒரு ஒடுங்கிய பட்டியாகத்தான் இருக்கும். கடல் பல மீற்றர் வற்றும் நாடுகளின் காணொளிகளில் காணும் அகன்ற கெட்டி மணல் நம்மிடம் இல்லை. ஈரப் பட்டியில் அலை நக்கும் ஓரத்துக்கு இறங்காதீர்கள். நின்ற வாகனத்தின் சில்லைச் சுற்றி அலை அரிக்க ஆரம்பித்தால் துள்ளலைப் பற்றி யோசிக்க நேரம் இருக்காது.

சோதனைக்குத் தேவை, அகலமான, கால்தடம் குறைந்த, சீரான சரிவுள்ள உலர்மணல். கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் மணல் பொருபொருவென்று காய்ந்து கிடப்பதால் துள்ளல் தெளிவாக வெளிப்படும். வாடை மழை பெய்த மறுநாள் அதே வாகனம் அதே மேட்டில் ஒரு சத்தமும் இல்லாமல் ஏறலாம், ஏனென்றால் மணற்பருக்கைகளுக்கு இடையிலுள்ள ஈரம் அவற்றைச் சேர்த்துப் பிடிக்கிறது. அந்த நாளில் பார்த்துவிட்டு "சரியாகிவிட்டது" என்று முடிவு கட்டக் கூடாது. வாடைக் காலத்து அலை கரையை அரித்து மணல் மேட்டைச் செங்குத்தாக்கியும் விடும். அப்படிப்பட்ட இடம் சோதனைக்கு ஏற்றதன்று.

படகுத்துறைக்காரர்களிடம் கேட்டு, வாகனம் வழக்கமாக இறங்கும் இடத்தில் மட்டும் இறங்குங்கள். குளிக்க வருபவர்கள் நடமாடும் பகுதிகளையும், புல்மோட்டையில் கனிய மணல் அகழப்படும் நிலத்தையும் தவிர்க்க வேண்டும். அடம்பன் கொடி படர்ந்த திட்டில் ஏற வேண்டாம். மணலைப் பிடித்து வைத்திருப்பது அதுதான். ஆமைகள் முட்டையிடக் கரையேறும் என்பதால் இரவிலும் வேண்டாம்.

4. முதல் ஓட்டமும் மணலில் விழுந்த தடமும்

முதல் ஓட்டத்தை வாகனம் வழக்கமாக ஓடும் நிலையிலேயே செய்ய வேண்டும். எதையும் மாற்றாமல், ஃபோர் வீலைப் போட்டு, மணிக்கு ஏறத்தாழ 10 கிலோமீற்றர் வேகத்தில் மேட்டை நோக்கி ஏறுங்கள். துள்ளத் தொடங்கியவுடன் காலை எடுத்துவிடுங்கள். இந்த ஒரு விதிக்கு விலக்கே இல்லை: அந்தரத்தில் எழும்பிய சில்லு பாரமின்றி வேகமாகச் சுழன்று, மறுகணம் தரையைப் பிடிக்கும்போது, அந்த அதிர்ச்சி முழுவதும் அச்சுத்தண்டிலும், இழுவையை இரு பக்கச் சில்லுக்கும் பிரித்துக் கொடுக்கும் டிபரன்சியலின் பற்களிலும் இறங்குகிறது. முறிவுகள் நேர்வது அந்தக் கணத்தில்தான்.

இனி இறங்கி, தடத்தை மிதிக்காமல் பக்கத்தில் நடந்து பாருங்கள். புதியவர்கள் பெரும்பாலும் நேரே வாகனத்துக்கு அடியில் குனிந்து விடுகிறார்கள். பதில் பின்னால் மணலில் கிடக்கிறது. துள்ளிய சில்லு விட்டுச் சென்ற தடம் தொடர்ச்சியான பள்ளமாக இராது. குழி, குழிக்குப் பின்புறம் வாரி எறியப்பட்ட சிறு மணற்குவியல், பிறகு ரயரின் பூ (மேற்பரப்பின் வெட்டுகள்) லேசாகப் பதிந்த அல்லது பதியவே பதியாத ஒரு திட்டு, அதன்பின் அடுத்த குழி என்று வரும்.

இரண்டு குழிகளின் நடுவிலிருந்து நடுவுக்கு உள்ள தூரத்தை நாடாவால் அளக்கவும். மணிக்கு 10 கிலோமீற்றர் என்பது வினாடிக்கு ஏறத்தாழ 2.8 மீற்றர். வினாடிக்கு 10 துள்ளல் என்றால் குழிகளுக்கு இடையே 28 சென்ரிமீற்றர் அளவில் வர வேண்டும். உடல் ஊசலாட்டம் என்றால் ஒன்றரை மீற்றரை நெருங்கும் அல்லது அதற்கும் கூடும். மணலில் வேகம் சட்டென்று விழுவதால் குழிகள் போகப் போக நெருங்கி வருவது இயல்பே. ஆகவே முதல் நான்கைந்து குழிகளை மட்டும் கணக்கில் எடுங்கள். வேகமானி சுழலும் சில்லின் வேகத்தைக் காட்டுவதால் அதை நம்பாமல், காணொளியைப் பார்த்து உண்மையான வேகத்தை மதிப்பிடுவது நல்லது.

அடுத்ததாக இடப்பக்கத் தடத்தையும் வலப்பக்கத் தடத்தையும் ஒப்பிடுங்கள். இந்த ஒப்பீடு மிகவும் பயனுள்ளது. இரண்டிலும் குழிகள் நேருக்கு நேர் விழுந்திருந்தால், அச்சு முழுவதும் ஒன்றாக முறுகி விடுபட்டிருக்கிறது. ரயர் காற்று, இழுவை, தகட்டு ஸ்பிறிங் (தகடுகளை அடுக்கிச் செய்த ஸ்பிறிங்) ஆகியவற்றின் பக்கம் சந்தேகம் திரும்ப வேண்டும். குழிகள் மாறி மாறி விழுந்திருந்தால், அச்சு இடமும் வலமுமாகத் தாளம் போட்டிருக்கிறது. அதைத் தணிக்க வேண்டிய சொக்குகள் தளர்ந்திருக்கலாம். ஒரு பக்கத்தில் மட்டும் குழி இருந்தால், அந்தப் பக்கத்து ரயர், யூ போல்ட் (ஸ்பிறிங்கை அச்சோடு பிடிக்கும் U வடிவ போல்ட்), சொக் மூன்றையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். முன் சில்லின் தடத்தின் மேலேயே பின் சில்லும் ஏறுவதால், வண்டியைச் சற்று வளைத்து ஓட்டினால் நான்கு தடமும் பிரிந்து தெரியும்.

ஒவ்வொரு சோதனை ஓட்டத்துக்கும் ஒரு வாகன அகலம் தள்ளிப் புதிய மணலில் ஏற வேண்டும். முதல் துள்ளல் தோண்டிய குழிகள் அதே இடைவெளியில் அடுத்த ஓட்டத்தையும் துள்ள வைக்கும். காற்றைக் குறைத்துவிட்டுப் பழைய தடத்திலேயே ஏறிப் பார்த்து, "காற்றுக் காரணமில்லை" என்று தீர்மானித்து, அதன்பின் கராஜில் பல ஆயிரம் ரூபாய் கொடுத்தவர்களும் இருக்கிறார்கள். துறையில் பலர் ஏறி இறங்கும் பொதுப் பாதையில் எந்த வாகனமும் துள்ளக்கூடும். அங்கே வாகனத்தை எடைபோட முடியாது.

5. ரயர் காற்று

என் கணிப்பில் மணலில் வரும் துள்ளல்களில் பெரும்பாலானவை இந்தப் படியோடு முடிந்துவிடும். வீதிக்குரிய 30 முதல் 35 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை இறாத்தல் என்னும் அழுத்த அளவு) காற்றில் ரயர் உருண்டையாக நின்று, மணலை அமுக்குவதற்குப் பதிலாகத் தோண்டுகிறது. தோண்டிய குழியின் விளிம்பில் ஏறி, வழுக்கி, மறுபடி விழுகிறது. காற்றைக் குறைத்தால் ரயர் தரையில் படும் பகுதி முன்பின்னாக நீள்கிறது. அகலம் கூடுவது சிறிதளவே. நீளம் கூடுவதுதான் பயன் தருவது. நீண்ட தடத்தில் பாரம் பரவுவதால் மணல் பிளந்து ஓடாமல் அமுங்கி நிற்கும்.

குறைக்கும் முன், ஒவ்வொரு ரயரிலும் றிம்மையும் ரயரையும் குறுக்கே சேர்த்து ஒரு சோக்குக் கோடு போடுங்கள். குறைந்த காற்றில் ரயர் றிம்மின் மேலேயே வழுக்கிச் சுற்றினால் கோடு இரண்டாகப் பிரிந்து தெரியும். அப்படியானால் காற்று அளவுக்கு மீறிக் குறைந்துவிட்டது, அல்லது அந்த ரயர் றிம்மில் சரியாக அமரவில்லை.

32இல் இருந்து நேராக 15க்கு இறங்க வேண்டாம். முதலில் 24, பிறகு 20, பிறகு 18, தேவைப்பட்டால் 16 என்று இறங்கி, ஒவ்வொன்றிலும் புதிய மணலில் ஒரு ஓட்டம் ஓடிக் கொப்பியில் எழுதுங்கள். பழக்கமில்லாதவர்கள் 15க்குக் கீழே போக வேண்டாம்; திருப்பத்தில் ரயரின் ஓரம் றிம்மை விட்டுக் கழன்றுவிடும். பாரம் ஏற்றிய வாகனத்தில் இன்னும் முன்னதாகவே நிறுத்திக்கொள்ளுங்கள். குறைந்த காற்றில் மணிக்கு 30 கிலோமீற்றரைத் தாண்டுவதும் சடாரென்று திருப்புவதும் ஆகாது.

ஒவ்வொரு இறக்கத்திலும் துள்ளல் தணிந்துகொண்டே வந்து 18 அளவில் நின்றால், காரணம் கிடைத்துவிட்டது. 20 வரை தணிந்து, 16இல் மீண்டும் மெத்தென்ற ஆட்டமாகத் தலைகாட்டினால், இப்போது ரயரின் பக்கச் சுவரே முறுகி விடுபடுகிறது; சற்றுக் கூட்டி அந்த நடு அளவிலேயே வைத்துக்கொள்ளுங்கள். எந்த அளவிலும் சிறிதும் மாற்றமில்லை என்றால்தான் அடுத்த படிக்குப் போக வேண்டும்.

இங்கே அடிக்கடி நேரும் தவறு, அளக்கும் நேரம் பற்றியது. காலையில் நிழலில் 18 வைத்த ரயர், நண்பகலில் சுடுமணலில் நின்ற பிறகு 18 இராது. இந்த அளவுக் காற்றில் வெப்பம் ஏறத்தாழ 9 பாகை செல்சியஸ் கூடும்போது காற்றழுத்தம் சுமார் 1 பிஎஸ்ஐ கூடும். வெயில் படும் பக்கத்து ரயரும் நிழல் பக்கத்து ரயரும் வேறுபடும்; புல்மோட்டைப் பக்கத்துக் கறுப்பு மணல் இன்னும் கூடுதலாகச் சுடும். ஆகவே ஒவ்வொரு ஓட்டத்துக்கும் சற்று முன் நான்கையும் அளந்து, ஒரே அச்சின் இரு பக்கத்துக்கும் இடையே 1 பிஎஸ்ஐக்கு மேல் வித்தியாசம் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ரயரின் பூவையும் பாருங்கள். சேற்றுக்கென்று செய்த, கட்டை கட்டையாகப் பூ உள்ள ரயர் மணலில் மண்வெட்டி போல் வேலை செய்யும். பூ சற்றுத் தேய்ந்த சாதாரண ரயர் மணலில் அதைவிட அமைதியாக ஓடும் என்பதைப் பலர் நம்புவதில்லை.

6. நான்கு சில்லும் உண்மையில் இழுக்கின்றனவா?

லீவரைப் போட்டதாலேயே முன் சில்லுகள் இழுக்கின்றன என்று கொள்ள முடியாது. பழைய ஜீப்புகளிலும் கெப் வாகனங்களிலும் முன் சில்லின் நடுவிலுள்ள பூட்டைக் கையால் திருப்பிப் போட வேண்டும். அது திறந்திருந்தால் வாகனம் முழுவதையும் பின் அச்சு தனியே தள்ளுகிறது. ஒரு அச்சின் மேல் இரட்டிப்பு வேலை ஏறுவதால் துள்ளல் விரைவில் வரும். உப்பு ஏறி இறுகிப்போன பூட்டு, திருப்பியது போல் காட்டிக்கொண்டு உள்ளே பிடிக்காமலும் இருக்கும்.

சோதனை எளிது: மென்மணலில் நின்ற நிலையிலிருந்து மெதுவாகக் கிளம்பும்போது, பக்கத்தில் நிற்பவர் முன் சில்லு இரண்டில் ஒன்றாவது மணலைப் பின்னுக்குத் தள்ளுகிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டும் சும்மா உருண்டால் முன் அச்சு வேலை செய்யவில்லை. அதைத் திருத்தும் வரை மற்றப் படிகளைத் தொடர வேண்டாம்.

7. காலும் கியரும்

இதே ஓட்டத்தை வேறொரு அனுபவமுள்ள சாரதி ஓட்டிப் பார்க்கட்டும். அவர் ஓட்டும்போது துள்ளாவிட்டால் வாகனத்தில் பழுதில்லை. மனத்தாங்கலான சோதனைதான், ஆனாலும் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

நின்ற இடத்திலிருந்து கிளச்சைச் சட்டென்று விடுவதும், வேகம் குறையும்போது அக்சிலேட்டரை ஏற்றி ஏற்றி இறக்குவதும் துள்ளலை வரவழைக்கும், ஏனெனில் ஒவ்வொரு ஏற்றமும் முறுகலுக்கு ஒரு உதை. மேட்டை அணுகும் முன்பே வேண்டிய வேகத்தை எடுத்து, ஏறும்போது கால் அசையாமல் இருப்பதே முறை. தாழ்ந்த ஃபோர் வீலில் (வேகம் குறைந்து இழுவை கூடும் நிலையில்) முதல் கியரை விட இரண்டாம் கியர் மணலுக்குப் பெரும்பாலும் ஒத்துவரும். முதல் கியரில் சில்லுக்குப் போகும் முறுக்குவிசை மிக அதிகம் என்பதால் காலின் சிறு அசைவுகூடப் பிடியை உடைத்துவிடும்.

8. பாரம்

வெறும் கெப் வாகனத்தின் பின்பக்கம் இலேசானது. அதன் ஸ்பிறிங்கோ ஒரு தொன் வரை சுமக்கவென்று செய்யப்பட்டது. நம் பகுதியில் ஐஸும் வலையும் ஏற்றுவதற்காகக் கூடுதல் தகடு ஒன்றிரண்டு வைத்துக் கட்டிய வாகனங்கள் அதிகம். அவை பாரத்தோடு ஒழுங்காக ஓடி, மீனை இறக்கிவிட்டு வெறுமையாகத் திரும்பும்போது துள்ளும்.

பின் அச்சுக்கு நேர் மேலே 150 முதல் 200 கிலோ வரை மணல் மூடைகளை வைத்து, காற்றை மாற்றாமல் ஒரு ஓட்டம் ஓடுங்கள். துள்ளல் நின்றால் ஸ்பிறிங் அந்த வெறும் வாகனத்துக்கு அளவுக்கு மீறி விறைப்பானது. பாரத்தோடு இன்னும் மோசமானால், ஏதோ ஒன்று தளர்ந்தோ முறிந்தோ இருக்கிறது. 10ஆம் படியை உடனே பாருங்கள். மூடைகளைத் தட்டின் கடைசி விளிம்பில் வைக்காதீர்கள். முன் சில்லின் பாரம் குறைந்து, சோதனை வேறொன்றைக் காட்டும்.

9. படகு இழுக்கும்போது மட்டும் துள்ளினால்

வாகனம் தனியே ஓடும்போது அமைதியாக இருந்து, கயிறு கட்டிப் படகை மேலே இழுக்கும்போது மட்டும் துள்ளினால், காரணம் பெரும்பாலும் கயிற்றிலும் மணலிலும்தான் இருக்கும். நைலோன் கயிறு நீண்டு, சுருங்கி, மறுபடி நீளும். படகின் அடி மணலில் ஒட்டிக்கொண்டு நின்று, திடீரென்று விடுபட்டு ஓரடி நகர்ந்து, மறுபடி ஒட்டும். இந்த இரண்டும் சேர்ந்து பின் அச்சை விட்டு விட்டு இழுக்கின்றன.

முதலில் படகின் அடியில் உருளைக் கட்டைகளைப் போட்டு, அது சீராக நகரும்படி செய்யுங்கள். கயிறு தளர்ந்திருக்க வாகனத்தை எடுக்காமல், மெதுவாக முன்னேறிக் கயிறு விறைத்த பிறகே இழுவையைக் கூட்டுங்கள். இழுக்கும் கோடு வாகனத்துக்கு நேர் பின்னால் அமைய வேண்டும். சாய்வாக இழுத்தால் ஒரு பக்கச் சில்லு மட்டும் துள்ளும், நீங்கள் அந்தப் பக்கத்துச் சொக்கைக் குறை சொல்வீர்கள். கயிற்றை வாகனத்தின் சட்டத்தோடு பூட்டிய கொளுக்கியில் மட்டும் கட்டுங்கள். கயிறு விறைத்திருக்கும் நேரம் யாரும் அதன் நேர்க்கோட்டிலோ பக்கத்திலோ நிற்கக் கூடாது. அறுந்த நைலோன் கயிறு திரும்பி அடிக்கும் வேகத்துக்கு ஆள் விலக முடியாது.

10. வாகனத்தின் அடியில்

மேலே சொன்னவற்றில் காரணம் கிடைக்கவில்லை என்றால் மட்டும் அடியில் போங்கள். மணலில் வைத்து ஜாக் போட வேண்டாம். சமதரையான சீமெந்துத் தளத்துக்கு வந்து, சில்லுகளுக்குக் கட்டை வைத்து, தூக்கினால் தாங்கிகளில் நிறுத்திய பின்பே குனியுங்கள்.

முதலில் யூ போல்ட். தகட்டு ஸ்பிறிங்கை அச்சோடு இறுக்கிப் பிடிப்பது அதுதான். நட்டை ஸ்பனரால் தொடும் முன் கண்ணால் பாருங்கள்: ஸ்பிறிங்கும் அச்சின் இருக்கையும் சேரும் ஓரத்தில் செம்பொடி போன்ற துருக்கோடு படிந்திருந்தால், அல்லது துருப்பிடித்த இரும்பின் நடுவே ஒரு சிறு பட்டி மட்டும் பளபளவென்று தேய்ந்திருந்தால், இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று அசைகின்றன. நட்டு இறுகித்தான் இருக்கிறது என்று மெக்கானிக் சொல்லலாம். உப்பில் துருவேறிய நட்டு திருப்பினால் அசையாது, ஆனாலும் போல்ட்டின் பிடிப்பு போயிருக்கும். அத்தகைய போல்ட்டைப் புதிதாக மாற்றி, வாகனத்தின் பாரம் சில்லில் நிற்கும் நிலையில், கைநூலில் சொன்ன அளவுக்கு நான்கு நட்டையும் குறுக்குக் குறுக்காக இறுக்க வேண்டும்.

யூ போல்ட் தளர்ந்தால் அடுத்து அடிபடுவது தகடுகளை ஊடறுத்து நிற்கும் நடு போல்ட். அது முறிந்தால் அச்சு பின்னோ முன்னோ நகர்ந்துவிடும். ஸ்பிறிங்கின் முன் கண்ணிலிருந்து அச்சின் நடு வரை இரு பக்கமும் நாடாவால் அளந்து ஒப்பிடுங்கள். ஒரு சென்ரிமீற்றர் வித்தியாசம்கூடப் பெரிய செய்தி.

பிறகு தகடுகள். வெடிப்பு பெரும்பாலும் நடுவில், யூ போல்ட்டின் அடியில் மறைந்திருக்கும். தகடுகளைச் சேர்த்துப் பிடிக்கும் கிளிப்புகள் கழன்றிருந்தால், அச்சு முறுகும்போது தகடுகள் விரிந்து, மேல் தகடு மட்டும் வளைந்து கொடுக்கும். வாகனத்தை உயர்த்துவதற்காக அச்சுக்கும் ஸ்பிறிங்குக்கும் இடையே இரும்புக் கட்டை வைத்திருந்தால், என்னைக் கேட்டால் வேறு எதையும் தேடும் முன் அதைத்தான் சந்தேகிப்பேன். கட்டை உயர உயர அச்சு ஸ்பிறிங்கை முறுக்கும் நெம்புகோல் நீள்கிறது. அழகுக்கு வைத்த அந்தக் கட்டையே துள்ளலுக்குக் காரணமாக இருந்தும், உரிமையாளர் கடைசி வரை அதைச் சொல்லாமல் விடுவதுண்டு.

முறுகலை நேரில் காண ஒரு வழி உண்டு. ஒருவர் காற்பிறேக்கை அழுத்திப் பிடித்தபடி, முதல் கியரிலும் பின் கியரிலும் மாறி மாறிக் கிளச்சை மெல்லக் கடிக்க விடட்டும். மற்றவர் பக்கவாட்டில், வாகனம் பாய்ந்தாலும் படாத தூரத்தில் நின்று, பின் டிபரன்சியலின் மூக்கு (முன்னாலிருந்து இழுவையைக் கொண்டுவரும் நீள்தண்டு சேரும் முனை) எவ்வளவு எழும்பி இறங்குகிறது என்று பார்க்கட்டும். சிறிதளவு அசைவு இயல்பு. மூக்கு துள்ளி எழும்பி, ஸ்பிறிங் பாம்பு போல் நெளிந்தால், தளர்வு இருக்கிறது. "டொக்" என்ற ஒலி கேட்டால் ஸ்பிறிங் கண்ணுக்குள் இருக்கும் புஷ் என்னும் உறையையும் நீள்தண்டின் மூட்டுகளையும் நெம்புகோலால் அசைத்துப் பாருங்கள். காயில் ஸ்பிறிங் உள்ள வாகனங்களில் அச்சைப் பிடிக்கும் கைகளின் புஷ்களே இந்த வேலையைச் செய்வதால், அங்கே தேட வேண்டியது அவற்றைத்தான்.

11. கடைசியாகச் சொக் அப்சோபர்

சொக் கடைசியில் வருவதற்குக் காரணம், எழுந்த அதிர்வைத் தணிப்பதே அதன் வேலை என்பதுதான். அதிர்வைக் கிளப்பும் காரணம் மேலே எங்கோ இருக்கும்போது புதிய சொக் அதைக் கொஞ்ச நாள் மறைத்துவிட்டு, அதே உதையில் தானும் தளரும். ஆனால் தடத்தில் குழிகள் மாறி மாறி விழுந்திருந்து, மேலே எல்லாம் சரியாக இருந்தால், சந்தேகம் நியாயமானது.

கரடுமுரடான பாதையில் சில கிலோமீற்றர் ஓட்டிவிட்டு நிறுத்தி, நான்கு சொக்கையும் புறங்கையால் அவதானமாகத் தொட்டுப் பாருங்கள். வேலை செய்யும் சொக் சூடாகும், ஏனெனில் அது அதிர்வை வெப்பமாக மாற்றுகிறது. ஒன்று மட்டும் குளிர்ந்திருந்தால் அது சும்மா தொங்குகிறது. உடலில் எண்ணெய் வழிந்து மணல் அப்பியிருப்பதும் தெளிவான அடையாளம். ஐயமிருந்தால் ஒரு முனையைக் கழற்றிக் கையால் அமுக்கி இழுங்கள். நடுவில் எங்காவது எதிர்ப்பே இல்லாத வெற்று இடம் இருந்தால் மாற்ற வேண்டும். வாகனத்தின் ஒரு மூலையை அமுக்கி விட்டு ஆட்டத்தை எண்ணும் வழக்கமான சோதனை, கனமான கெப் வாகனத்தில் எதையும் நிச்சயமாகக் காட்டாது. மாற்றும்போது ஒரே அச்சில் இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள்.

12. திருத்திய பிறகு

முதல் ஓட்டம் ஓடிய அதே கடற்கரையில், மணல் அதே அளவு உலர்ந்திருக்கும் நாளில், கொப்பியில் எழுதிய அதே காற்றோடும் பாரத்தோடும் புதிய மணலில் ஏறிப் பாருங்கள். தடத்தில் குழிகள் இல்லாமல் தொடர்ச்சியான பள்ளம் மட்டும் இருந்தால் வேலை முடிந்தது. குழிகள் ஆழம் குறைந்தும் இடைவெளி மாறாமலும் இருந்தால், முதற்காரணம் இன்னும் உள்ளே இருக்கிறது. கொப்பியில் எந்தப் படி அரைகுறையான பதில் தந்தது என்று பார்த்து அங்கே திரும்புங்கள்.

மணலை விட்டு ஏறியதும், தார் வீதிக்கு வரும் முன் ஃபோர் வீலை எடுத்து, நான்கு ரயருக்கும் வீதிக்குரிய காற்றை நிரப்பி, சோக்குக் கோடுகளைக் கடைசியாக ஒரு முறை சரிபாருங்கள். அன்றைக்கே அடிப்பகுதியை நன்னீரால் கழுவுங்கள்; யூ போல்ட் நட்டிலும் முன் சில்லுப் பூட்டிலும் தங்கும் உப்பைக் கழுவத் தவறக் கூடாது. புதிய யூ போல்ட் போட்டிருந்தால், சில நூறு கிலோமீற்றர் ஓடிய பின் அதன் நட்டுகளை மறுபடி அதே அளவுக்கு இறுக்க வேண்டும், ஏனெனில் தகடுகள் ஒன்றோடொன்று படிந்து அமரும்போது முதல் இறுக்கம் சற்றுக் குறைந்துவிடும்.